கல் வைக்காத வீடு

எந்த விலாசத்துக்கு எழுதுவதென்று இன்னும் பிடிபடாத என் அண்ணைக்கு,

உங்களுடைய வீடு எது?

ஒரு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. எனக்குப் பதில் தெரியாது. ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து தந்தால் அதில் உப்பு எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் என் வேலையில் ஒரு பகுதிதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இது நாளைக்குள் ஏதாவது ஒரு பதில் வேண்டிய கேள்வி. நாளை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம்.

நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று நான் நம்பவில்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். மேசை என்றால், சுவரில் இருந்து மடித்து இறக்குகிற அந்தப் பலகை. பின்சில்லு ஒன்று மணலில் புதைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் பேனையை வைத்தவுடன் உருண்டு போகிறது. யன்னலுக்கு வெளியே பக்கத்துக் காணி பிலோமினா அக்கா விளக்குமாறோடு நிற்கிறார். நாளைக்கு நகரப்போகிற வீட்டுக்கு முற்றம் கூட்டுகிறார்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் லொறி ஓட்டிய காலம் முடிந்து நீங்கள் எங்கள் தீவுக்கு, சுருவிலுக்குத் திரும்பி வந்தபோது அப்பாவின் வீட்டில் மிஞ்சியிருந்தது கிணறும் ஒரு மூலைச் சுவரும்தான். அண்ணியும் மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை, வர விருப்பமில்லை, அவ்வளவுதான். வீட்டைத் திருப்பிக் கட்டலாம் என்று நினைத்தீர்கள். காணியோ அப்பாவின் அப்பா காலத்து உறுதிப் பத்திரத்தில் பங்கு பிரிக்காமலே கிடந்தது. பங்குக்காரர் எல்லாம் வெளிநாட்டில். கனடாவில் இருக்கிற சின்னையாவின் மகன் ரவி எல்லோருக்குமாகத் தொலைபேசியில் பேசினான்.

"அண்ணை, பங்கு பிரிக்குமட்டும் அதுக்குள்ளை ஒரு கல்லும் வைக்கக்கூடாது. பேந்து எல்லாருக்கும் கரைச்சல்."

நீங்கள் சரி என்றீர்கள். கொஞ்ச நாளில், யாழ்ப்பாணத்துக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடி ஓடிக் களைத்த ஒரு மினிபஸ்ஸை வாங்கிக்கொண்டுவந்து காணிக்குள் விட்டீர்கள். நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து வந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டேன்.

"கல்லு வைக்கக்கூடாது எண்டுதானே சொன்னவன். சில்லு வைக்கக்கூடாது எண்டு சொல்லேல்லையே."

நான் சிரிக்கவில்லை. கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். இப்போது நினைத்தால், அது தேவையான கேள்விதான். ஆனால் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

முன் சீற்றுகளை விட்டு மற்றச் சீற்றுகளைக் கழற்றினீர்கள். கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, கூரையில் சூரியத் தகடு, அடியில் தண்ணீர்த் தாங்கி என்று ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் ஒரேயொரு சீற்றை மட்டும் விட்டுவைத்தீர்கள், கதவுக்குப் பக்கத்தில். ஏனென்றால் பிலோமினா அக்கா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு அதில் இருந்து கொண்டார்.

"தம்பி, இந்த பஸ்தான். இதிலை வைச்சுத்தான் என்ரை மனுசனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனனான். அவர் சத்தியெடுத்துச் சீற்றெல்லாம் நனைஞ்சு, கொண்டக்டர் என்னைப் பேசின பேச்சு இருக்கே."

"அப்ப சீற்றைக் கழற்றட்டோ அக்கா?"

"ஏன்? நான் இன்னும் இறங்கேல்லை."

நெடுந்தீவில் பிறந்து சுருவிலில் வாழ்க்கைப்பட்ட மனுசி. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பேசத் தெரியாது. ஊருக்குள் இதற்குச் சில்லு வீடு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

நான் ஒன்றை மட்டும் உங்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்குள் விடவேண்டாம், உப்புப் படிந்து பம்ப் அடைத்துவிடும் என்று. அப்பா குடித்து வளர்ந்த தண்ணீர் பம்பை என்ன செய்யும் என்றீர்கள். பம்ப் அடைத்தது. அதற்குப் பிறகு சாட்டிக் கடற்கரைக் கிணறுகளுக்குப் போய் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரத் தொடங்கினீர்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டினம் வந்து போகிற ஒவ்வொரு முறையும், கடல் தெறித்த வண்டியின் அடிப்பாகத்தை அந்த நல்ல தண்ணீரால் படுத்திருந்து கழுவுவீர்கள். உப்பு இரும்பைத் தின்னும். அதை ஜெர்மனியில் பனிக்கு வீதியில் போடுகிற உப்பில் இருந்தே படித்திருந்தீர்கள்.

"குடிக்கத் தண்ணிக்குச் சனம் பவுசர் லொறியைப் பாத்துக்கொண்டு நிக்குது. இவர் பஸ்ஸின்ரை வயித்தைக் குளிப்பாட்டுறார்" என்று பிலோமினா அக்கா வேலிக்கு மேலால் சொல்லுவார்.

"வீடு அக்கா. வீட்டுக்கு அத்திவாரம் கழுவுறன்."

இந்த வீட்டோடு நீங்கள் திருகோணமலைக்குப் போனீர்கள், நுவரெலியாவுக்குப் போனீர்கள், பெயரே தெரியாத குளக்கட்டுகளில் நின்றீர்கள். வழியில் மறித்த பொலிஸ்காரர்களுக்கு இது ஆள் ஏற்றுகிற வண்டியா, சாமான் ஏற்றுகிற வண்டியா என்று விளங்கவில்லையாம். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்களாம். கூரை ஒழுகுகிற இடத்தை எல்லாம் சிலிக்கோன் வைத்து அடைத்தீர்கள். ஓரிடத்தில் அடைக்க வேறோரிடத்தில் ஒழுகியது. அதையும் ஒரு பயணச் செய்தி போலத்தான் சொல்லுவீர்கள்.

நான் தொலைபேசியில் எடுக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"எங்கை நிக்கிறியள் அண்ணை?"

"வீட்டிலை."

"வீடு எங்கை நிக்குது?"

பிறகுதான் ஊரின் பெயர் வரும். அது ஒரு பகிடி என்று நினைத்தேன். நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் என்னைக் கேட்டீர்கள். "ஒருக்கா வாவன். முன் சீற்றிலை இருந்து றோட்டைப் பார்." நான் வரவில்லை. ஒரேயொரு பின்னேரம் சாட்டிவரை வந்தேன். சவுக்கு நிழலில் விட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து கடலைக் காட்டினீர்கள். நான் தாங்கித் தண்ணீரைக் கையில் ஏந்தி ருசி பார்த்து, இது பரவாயில்லை என்றேன். அது எனக்குப் பெரிய பாராட்டு. உங்களுக்கு அது விளங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

"ஒரு இரவு நிண்டுட்டுப் போவன், தங்கச்சி."

"நாளைக்கு ஆய்வுகூடத்திலை வேலை இருக்கு அண்ணை."

அது பொய் இல்லை. வேலை இருந்தது. பொய் சொல்லியிருந்தால் வருந்துவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டு வந்ததற்கு எப்படி வருந்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு காலையில் பிலோமினா அக்கா அழைத்தார். கதவு திறக்கவில்லை என்று சொன்னார். மாரடைப்பு என்று வைத்தியர்கள் பிறகு சொன்னார்கள். ஆசுப்பத்திரியில் இருந்து உங்களை நேரே பட்டினத்தில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மகன் கொள்ளி வைத்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடத்துவது எனக்குக் கைவந்த விஷயம்.

முப்பத்தோராம் நாளுக்கு அழைப்பு அடிக்க வேண்டியிருந்தது. இங்கே எல்லா அழைப்பும் ஒரே மாதிரித்தானே. அந்தியேட்டிக் கிரியை கீரிமலைக் கடற்கரையில், அதன் பின் வீட்டுக்கிருத்தியமும் சாப்பாடும் அன்னாரது இல்லத்தில். அச்சகத்தில் இருந்தவர் கேட்டார், "ரீச்சர், வீட்டு விலாசம் போடவேணுமோ?" நான் ஆசிரியை இல்லை. ஆனாலும் அவர் அப்படித்தான் அழைப்பார். நான் சொன்னேன், "தேவையில்லை. வாறவைக்குத் தெரியும்."

என் மனதில் இருந்தது என் வீடு. எனக்கு வேறொரு யோசனையும் வரவில்லை. மண்டபம் போல முன்விறாந்தை இருக்கிறது, கதிரை போடலாம், ஐயருக்கு வசதி. செத்தவருக்கு வீடு என்றால் சுவரும் விலாசமும் இருக்கிற ஒன்று என்றுதான் என் தலைக்குள் இருந்தது. நீங்கள் என் வீட்டில் ஒரு கிழமை சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.

அன்று என் வீட்டில் சொந்தக்காரர் வந்தார்கள், என்னோடு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். சுருவிலில் இருந்து ஒருவரும் வரவில்லை. பஸ் இல்லையாக்கும் என்று நினைத்தேன். தீவாரைப் பற்றிக் கொஞ்சம் மனவருத்தமும் பட்டேன். சாப்பாடு முடிந்து இலை எடுக்கிற நேரம் பிலோமினா அக்கா தொலைபேசியில் எடுத்தார்.

"பிள்ளை, ஐயர் எத்தினை மணிக்கு வாறார்? வடை ஆறிப்போச்சு."

எனக்கு உடனே விளங்கவில்லை. அழைப்பில் அன்னாரது இல்லம் என்று இருந்ததாம். அவர்கள் வாசித்தார்கள். உங்கள் வீடு எது என்று அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முற்றத்தைக் கூட்டி, தறப்பாள் கட்டி, பாய் விரித்து, கிறிஸ்தவ வேதக்காரியான பிலோமினா அக்காவே முன்னுக்கு நின்று மரக்கறி சமைத்து, காலையில் இருந்து சில்லு வீட்டைச் சுற்றி இருந்திருக்கிறார்கள். நெடுந்தீவில் இருந்து உங்கள் மாட்டுக்கார நண்பர் முதல் படகில் வந்து இருந்தாராம்.

"முடிஞ்சுது அக்கா. இஞ்சை செய்திட்டம்" என்றேன்.

அங்கே யாருக்கோ வடைச் சட்டியை மூடச் சொன்னார். பிறகு, "அப்ப சரி பிள்ளை. சனம் இருக்குது. நாங்கள் அவரை நினைச்சுச் சாப்பிட்டிட்டுப் போறம்" என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கொண்டக்டருக்கே விடாமல் திருப்பிப் பேசியிருக்கக்கூடிய மனுசி.

அதனால் ஆட்டைத் திவசத்தை இங்கே செய்வதென்று முடிவெடுத்தேன். மரியாதைக்காக ரவிக்கும் சொன்னேன். அவன் யோசித்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"அக்கா, செய்யுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா காணிக்குள்ளை செய்யாதையுங்கோ. நாளைக்கு உங்கட பிள்ளை வந்து, இது மாமா இருந்த வீடு, திவசம் செய்த வீடு எண்டு கேட்டா நாங்கள் என்ன சொல்லுறது?"

"அது பஸ் ரவி."

"பஸ்ஸோ? அண்ணை அதிலை குடியிருந்தவரக்கா. நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியாதே? அது வீடுதான்."

பார்த்தீர்களா அண்ணை. உங்கள் சில்லு வீட்டை வீடு என்று எங்கள் குடும்பத்தில் முதலில் ஒப்புக்கொண்டவன் அவன்தான். தன் பங்குக்குப் பயந்து ஒப்புக்கொண்டான். நான் எதற்குப் பயந்து இத்தனை நாளும் ஒப்புக்கொள்ளவில்லை?

காணிக்குள் செய்ய ஏலாது என்றால், வீட்டை வெளியே கொண்டுபோக வேண்டியதுதான். இந்த வீட்டுக்கு அது முடியும். சாட்டியில், அந்தச் சவுக்கு நிழலில் விட்டுச் செய்யலாம் என்று ஐயரிடம் கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, கிரியை செய்யிற இடம் அசையக்கூடாது."

"அசையாது ஐயா. நிப்பாட்டித்தான் வைச்சிருப்பம்."

"ஹாண்ட் பிறேக் பிடிக்குமோ?"

"பிடிக்கும் எண்டு நினைக்கிறன்."

"அப்ப இறுக்கி இழுத்து விடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. வேலணையில் கராஜ் வைத்திருக்கிற யோகன் இன்று வந்து அடியில் புகுந்து பார்த்தான். ஒரு வருடம் ஒருவரும் கழுவவில்லை. நான் மாதம் ஒருமுறை வந்து கதவைத் திறந்து காற்று விட்டேன், அலுமாரியைத் துடைத்தேன், உங்கள் சட்டைகளை மடித்துத் திருப்பி வைத்தேன். அடிப்பாகம் ஞாபகத்துக்கு வரவேயில்லை. உப்பைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு சொன்னவள் நான்.

"பற்றரி புதுசு போட்டாச்சு, எஞ்சின் பிடிக்கும்" என்றான் யோகன். "பிறேக்தான் சொல்ல ஏலாது, அக்கா. துரு பிடிச்சுக் கிடக்கு. ஓடேக்கை எங்கையாவது இறுகிப் போய் நிண்டாலும் நிக்கும்."

"நிண்டால்?"

"நிண்டால் நிக்கிற இடம்தான்."

இவ்வளவும்தான் உங்களுக்குச் சொல்லப் புதினம். பின்னேரம் ஆகிவிட்டது. பிலோமினா அக்கா கூட்டி முடித்துவிட்டு ஏறி, தன் சீற்றில் வந்து இருக்கிறார். எழுதுவது யாருக்கு என்று கேட்டார். அண்ணைக்கு என்றேன். "தாளிலை எழுதி என்ன, நாளைக்கு பஸ்ஸை ஸ்ரார்ட் பண்ணேக்கை அவருக்குக் கேக்கும்" என்றார்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி இந்த வீடு கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பாகத்தை நானே நல்ல தண்ணீரால் கழுவுவேன். இதை விற்கமாட்டேன், ஒருவருடைய முற்றத்திலும் உறைய விடமாட்டேன். கையெழுத்தை நாளைக்கு வைக்கிறேன். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டிக் கையெழுத்து வைத்துப் பழக்கம் இல்லை.

மறுநாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எஞ்சின் பிடித்தது. புதைந்த சில்லுக்கு அடியில் அயல்வீட்டுச் சனம் பனைமட்டை வைத்துத் தள்ளிவிட்டார்கள். யோகன் ஓட்டினான், நான் முன் சீற்றில் இருந்தேன். பின்னால் மகன், பிலோமினா அக்கா, சட்டி பானைகள், நெடுந்தீவு நண்பர், இன்னும் ஏறக்கூடியவர்கள் எல்லோரும். முன் சீற்றில் இருந்து பார்த்தால் றோட்டு நீங்கள் சொன்ன மாதிரித்தான் இருந்தது.

வேலணை கடந்து, சாட்டிக்குத் திரும்புகிற சந்திக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய றோட்டில் பிறேக் இறுகியது. வண்டி குறுக்குப்பாடாக நின்றுவிட்டது. யோகன் இறங்கி அடிக்குள் போனான். சாட்டியில் காத்திருந்த ஐயர் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து, வண்டியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"இனி ஹாண்ட் பிறேக் தேவையில்லை, பிள்ளை. இஞ்சையே செய்வம்."

உங்கள் குசினிப் பலகையில் கும்பம் வைத்தார். மகன் கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையில் சம்மணம் கட்டி இருந்தான். இடம் போதாதவர்கள் றோட்டில் நின்று உள்ளே பார்த்தார்கள். கிரியை முடிந்து பிலோமினா அக்கா வடைச் சட்டியைத் திறக்கிற நேரம் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகிற பஸ் வந்து முட்டாத குறையாக நின்றது. உள்ளே நயினாதீவுக்குப் போகிற சனமும் நெடுந்தீவுக்குப் போகிற சனமும் நெரிசலாக இருந்தார்கள். கொண்டக்டர் குதித்து இறங்கி வந்தான். திறந்த கதவால் அடுப்பையும் கட்டிலையும் திருநீறு பூசிய ஆட்களையும் பார்த்தான்.

"ஆரின்ரை வீடு இது, நடு றோட்டிலை?"

"எங்கட அண்ணையின்ரை" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். சொல்லிமுடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"அண்ணையைக் கூப்பிடுங்கோ, வீட்டை ஓரத்துக்குக் கொஞ்சம் அரக்கட்டும். போட் விட்டிடும்."

"அவரின்ரை திவசம் தம்பி" என்றார் பிலோமினா அக்கா, தன் சீற்றில் இருந்தபடியே. "இந்தா, வடை எடும். எடுத்திட்டுத் தள்ளும்."

அவன் வடையை வாங்கினான். திரும்பி நின்று பஸ்ஸைப் பார்த்து, ஆம்பிளையள் எல்லாரும் இறங்கி வந்து ஒரு கை குடுங்கோ என்று கத்தினான். யோகன் அடியில் இருந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பிறேக்கை விடுவித்தான். முன்பின் தெரியாத சனம், ஒரு கையில் பயணப் பை, மறு கை உங்கள் வீட்டில். வீடு மெல்ல நகர்ந்தது. ஓரத்துக்குப் போய், பிறகு சந்தியில் திரும்பி, சவுக்கு நிழல்வரை வந்துவிட்டது. அவர்களுக்குப் படகு கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

மற்றவர்கள் பின்னேரமே பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் சாட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, பழைய பாயை விரித்துப் படுத்து, அடிப்பாகத்தைக் கழுவினேன். துரு தண்ணீரோடு சிவப்பாக என் கைவழியே ஓடியது. முழுக்கப் போகவில்லை. கொஞ்சம் போனது.

மகன் தொலைபேசியில் எடுத்து, எங்கே நிற்கிறீர்கள் அம்மா என்று கேட்டான். வீட்டில் என்றேன்.

இன்றிரவு இங்கேதான். நாளைக்கு ஆய்வுகூடத்தில் வேலை இருக்கிறது.

இப்போது கையெழுத்து வைக்கிறேன்,
உங்கட தங்கச்சி.